திரையைக் குறைக்கச் சொல்லும் அரசு, வகுப்பறையில் ஏன் கணினி வைக்கிறது?

சிங்கப்பூரில் 2025 ஜனவரியில், பிள்ளைகளின் உடல்நலத்துக்கான 'குரோ வெல் எஸ்ஜி' என்ற தேசியத் திட்டத்தோடு சேர்ந்து, அவர்களின் திரை நேரத்துக்கான சுகாதார அமைச்சின் புதிய வழிகாட்டி வந்தது. கல்வி அமைச்சின் விதிப்படி, 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் கைத்தொலைபேசிக்கும் திறன் கைக்கடிகாரத்துக்கும் இடமில்லை. தொடக்கப்பள்ளிகளில் அந்தக் கட்டுப்பாடு அதற்கு முன்பே வந்துவிட்டது.

இந்தப் பக்கம் இப்படி. அதே கல்வி அமைச்சு, 2030 வரைக்குமான கல்வித் தொழில்நுட்பப் பெருந்திட்டம் ஒன்றையும் நடத்திக்கொண்டிருக்கிறது. தொடக்கநிலை 4 (பத்து வயது) மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தொட்டுப் பார்க்கலாம் என்கிறது. பாலர் பள்ளியிலோ ஐந்து வயதுப் பிள்ளை ரோபோவுக்குக் கட்டளை கொடுக்கிறது.

"வீட்டுல ஐபேடைப் பிடுங்கி வைக்கச் சொல்றாங்க, பள்ளியில அவங்களே கொடுக்குறாங்க" என்று பெற்றோர் சலித்துக்கொள்வதில் வியப்பில்லை. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதுபோலத்தான் தெரிகிறது. உண்மையில் மோதுகிறதா என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

'தொழில்நுட்பம்' என்ற ஒரே சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது

சிறுவர் வகுப்பறையைப் பொறுத்தவரை இந்தச் சொல் மூன்று வெவ்வேறு சங்கதிகளைக் குறிக்கிறது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் பாதிக் குழப்பம்.

1. பிள்ளையை அமைதியாக உட்காரவைக்கும் திரை. உணவங்காடியில் குழந்தை சோறு வாங்கட்டும் என்று தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைக்கும் கைத்தொலைபேசி இந்த வகை. மழை பெய்து வெளியே போகமுடியாத பிற்பகலில், பெற்றோர் வந்து அழைத்துப்போகும் வரை வகுப்பில் ஓடும் கார்ட்டூனும் இதே வகைதான். பள்ளிக்குள் நடக்கிறது என்பதால் அது கல்வி ஆகிவிடாது.

2. ஆசிரியரின் கருவி. பெரிய திரையில் கதைப் புத்தகத்தின் படத்தைக் காட்டுவது, அருவியைப் பார்த்தே இராத பிள்ளைகளுக்கு அரை நிமிடம் அருவியைக் காட்டுவது, பிள்ளை பேசியதைப் பதிவுசெய்து அதற்கே போட்டுக் காட்டுவது. இங்கே பிள்ளையின் கவனம் திரையில் இருந்தாலும் பாடத்தை நடத்துபவர் ஆசிரியர்.

3. பிள்ளையின் கருவி. அதைக் கொண்டு பிள்ளை எதையாவது செய்கிறது: படம் எடுக்கிறது, கதை சொல்லிப் பதிகிறது, ரோபோவை நகர்த்துகிறது, கணக்குப் போடுகிறது. இதில் சில கருவிகளுக்குத் திரையே கிடையாது.

நாலாவதாக ஒன்றும் உண்டு, ஆனால் அது பாடத்தோடு சேராது. வருகைப் பதிவு, கட்டணம், 2019இல் வந்த 'பேரன்ட்ஸ் கேட்வே' செயலி வழியாக வரும் சுற்றறிக்கைகள் எல்லாம் அலுவலக வேலை. ஒரு பள்ளி "நாங்கள் முழுக்க மின்னிலக்க மயம்" என்று விளம்பரம் செய்தால், பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

விதிகள் சொல்வது என்ன

சுகாதார அமைச்சின் வழிகாட்டியை வயது வாரியாகப் பிரித்தால் இப்படி வரும்:

1. 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் திரை கூடாது. ஒரே விலக்கு, மறுமுனையில் ஆள் இருந்து பேசும் காணொளி அழைப்பு.

2. 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளி நேரம் போக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

3. 7 முதல் 12 வயது வரை, பள்ளிப் பாடம் தவிர்த்து, நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு.

சாப்பாட்டு நேரத்திலும் தூங்கப் போவதற்கு முந்திய ஒரு மணி நேரத்திலும் திரை வேண்டாம் என்பதும் இதில் உண்டு.

இரண்டாவது, மூன்றாவது வரிகளில் வரும் 'பள்ளி நேரம் போக', 'பள்ளிப் பாடம் தவிர்த்து' என்ற சொற்களைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வழிகாட்டி கணக்கில் எடுப்பது வீட்டுத் திரையை. பள்ளிக்கு வேறு விதி. பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு 2025இல் பாலர் பள்ளிகளுக்கான நடைமுறை விதிகளை இறுக்கியபோது நிமிடக் கணக்கோடு நிற்காமல், எதற்காகத் திரை என்ற கேள்வியைக் கொண்டுவந்தது. 18 மாதத்துக்குக் குறைந்தவர்களுக்குப் பாலர் பள்ளியிலும் திரை இல்லை. அதற்கு மேல் 6 வயது வரை, கற்றல் கற்பித்தலுக்காக மட்டுமே திரை. மேலே சொன்ன முதல் வகைக்குக் கதவை அடைத்துவிட்டு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

தொடக்கப்பள்ளியிலும் இதே தர்க்கம் தொடர்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் கற்றலுக்கென்று ஒரு சொந்தச் சாதனம் உண்டு. 2028க்குள் கொடுத்து முடிப்பதாக இருந்த அந்தத் திட்டம் கொவிட்டால் 2021க்கே முன்தள்ளப்பட்டது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அப்படி ஒன்று கிடையாது. பள்ளிக்குச் சொந்தமான சாதனத்தை எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவிலும் தொடக்கநிலை 1 முதல் 3 வரை பிள்ளைகள் நேரடியாகத் தொடுவது மிகமிகக் குறைவு. தொடக்கநிலை 4இல்தான் கதவு சற்றே திறக்கிறது.

ஆக, தடையும் திட்டமும் ஒரே பொருளைப் பற்றியவை அல்ல. முதல் வகையைக் குறைக்கச் சொல்கிறது ஒன்று, மூன்றாவது வகையைப் படிப்படியாகப் பழக்கச் சொல்கிறது இன்னொன்று. ஏட்டில் முரண் இல்லை. நடைமுறையில் முதல் வகை மூன்றாவது வகையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வகுப்பறைக்குள் வருவதுதான் சிக்கல். அதைப் பின்னால் பார்ப்போம்.

1997 முதல் இங்கே வந்த வழி

சிங்கப்பூரின் முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டம் கல்விக்கு வந்தது 1997இல். ஏறத்தாழ 2 பில்லியன் வெள்ளிச் செலவு. இரண்டு மாணவருக்கு ஒரு கணினி, பாட நேரத்தில் 30 விழுக்காடு கணினி வழியே, இதெல்லாம் 2002க்குள் என்பது இலக்கு.

அந்த 30 விழுக்காட்டைக் கவனியுங்கள். அது நேரத்தின் அளவு. எவ்வளவு நேரம் கணினி முன்னால் இருந்தார்கள் என்று எண்ணினால், எதற்காக இருந்தார்கள் என்பது கணக்கில் வராது. கணினியே புதிதாக இருந்த காலத்தில் ஆசிரியர்களைத் தொடவைக்க அப்படி ஓர் இலக்கு தேவைப்பட்டிருக்கலாம். அடுத்தடுத்து 2003, 2009, 2015 என வந்த திட்டங்களில் பேச்சு மெல்ல மாறியது. கருவியைப் பரப்புவதிலிருந்து, கருவியைக் கொண்டு மாணவர் என்ன செய்கிறார் என்பதற்கு நகர்ந்தது. 2018இல் எல்லாப் பள்ளிகளுக்குமான எஸ்எல்எஸ் என்ற இணையக் கற்றல் தளம் வந்தது.

பிறகு 2020 ஏப்ரல் 8. கொவிட் கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டத்தின்போது மே 4 வரை எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே படித்தார்கள். உயர்நிலை மாணவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். தொடக்கநிலை 1 பிள்ளைக்கோ பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் கடவுச்சொல்லைக்கூடத் தட்ட முடியவில்லை. 2021இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் தொடக்கக் கல்லூரிகளுக்கும் வழக்கமான வீட்டுக் கற்றல் நாள்கள் கால அட்டவணையில் ஏறின. தொடக்கப்பள்ளிகளை விட்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளைக்குத் திரைக்கு இப்பால் ஓர் ஆள் தேவை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் சொல்லிவிடாது.

சின்ன வயதில் திரை ஏன் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரிசியா குல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் செய்த சோதனை ஒன்று 2003இல் வெளியானது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் ஒன்பது மாதக் குழந்தைகள். மாண்டரின் பேசும் ஒருவர் 12 தடவை அவர்களோடு உட்கார்ந்து புத்தகம் படித்தார், பொம்மை காட்டி விளையாடினார். அதற்குப் பிறகு அந்தக் குழந்தைகளால் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிய முடிந்தது. இன்னொரு குழுவுக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் காணொளியில். அவர்கள் கற்றது எதுவுமில்லை. ஒலியை மட்டும் கேட்ட குழுவுக்கும் அதே கதை.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளிலும் இதுபோன்ற இடைவெளி தெரிகிறது. பக்கத்து அறையில் ஒரு பொம்மையை ஒளித்துவைப்பதை இரண்டு வயதுப் பிள்ளை சன்னல் வழியாகப் பார்த்தால் போய் எடுத்துவிடுகிறது. அதையே தொலைக்காட்சியில் பார்த்தால் தடுமாறுகிறது. படத்தில் கண்டதை நிஜ உலகத்துக்கு மாற்றிப் பொருத்தும் திறன் அந்த வயதில் இன்னும் கூடவில்லை. ஆனால் திரையில் இருப்பவர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அது சொல்வதற்குப் பதில் சொல்லி, கொஞ்ச நேரம் உண்மையாகவே உரையாடிவிட்டால் நிலைமை மாறுகிறது. அப்போது அவர் சொல்வதைப் பிள்ளை நம்பிப் பயன்படுத்திக்கொள்கிறது.

காணொளி அழைப்புக்கு மட்டும் ஏன் விலக்கு என்பது இப்போது புரியும். தஞ்சாவூரிலிருந்து பேசும் பாட்டி, "எங்க, அந்த பொம்மையக் காட்டு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். கார்ட்டூன் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அதுவும் 'உனக்கு என்ன நிறம் பிடிக்கும்?' என்று கேட்டு இரண்டு நொடி நிற்கும், பிறகு பிள்ளை என்ன சொன்னாலும் 'அருமை!' என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

சிங்கப்பூரிலேயே எடுத்த தரவும் இருக்கிறது. 2009இல் தொடங்கிய 'கஸ்டோ' என்ற ஆய்வு, கருவிலிருந்தே பிள்ளைகளைப் பின்தொடர்ந்து வருகிறது. அதில் 437 பிள்ளைகளின் விவரங்களை வைத்து 2023இல் ஒரு கட்டுரை வந்தது. 12 மாத வயதில் அதிகத் திரை பார்த்த குழந்தைகளின் மூளை அலைகள் 18 மாதத்தில் வேறுபட்டிருந்தன. 9 வயதில் கவனத்தைக் குவிப்பது, தன்னைக் கட்டுப்படுத்துவது போன்ற திறன்களும் அவர்களிடம் குறைவாக இருந்தன. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, திரைதான் காரணம் என்று நிறுவவில்லை. அதிகத் திரை பார்த்த வீட்டில் பேச்சு குறைவாக இருந்திருக்கலாம், பெற்றோருக்கு வேலைச்சுமை கூடுதலாக இருந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் இந்தச் செய்தி 'ஐபேட் மூளையைக் கெடுக்கும்' என்று சுருங்கி வந்தால் நம்ப வேண்டியதில்லை.

அடுத்தது எழுத்து. ஐந்து வயதில் இன்னும் படிக்கத் தெரியாத பிள்ளைகளை வைத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், சில எழுத்துகளைக் கையால் எழுதவைத்தார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரையவைத்தார்கள், சிலவற்றைத் தட்டச்சு செய்யவைத்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தபோது, கையால் தானே எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் வாசிப்புக்கு உதவும் பகுதிகள் துலங்கின. தட்டச்சுக்கும் புள்ளிக்கோட்டுக்கும் அப்படி இல்லை. பிள்ளை தானே எழுதும்போது எழுத்து ஒவ்வொரு தடவையும் கோணலாக, வேறு வேறு மாதிரி வருகிறது. அந்தக் கோணல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது எது என்று மூளை தேடுவதே கற்றல் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

தமிழ் எழுத்துக்கு இது இன்னும் பொருந்தும் என்பது என் எண்ணம். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வேறுபாடு ஒரு சுழி. 'ல', 'ள', 'ழ' மூன்றிலும் கை எங்கே வளைகிறது, எங்கே இறங்குகிறது என்பதுதான் அடையாளம். எழுத்துப் பழகும் செயலிகளில் பலவும் மின்னும் கோட்டின் மேல் விரலை இழுக்கச் சொல்பவை. கோட்டுக்குப் பக்கத்தில் விரல் போனாலே நட்சத்திரம் விழும். பிள்ளை இருபது நட்சத்திரம் வாங்கிவிட்டு, வெள்ளைத் தாளைக் கொடுத்தால் விழிக்கும். மணல் தட்டும் தடித்த பென்சிலும் இந்த வேலையை மலிவாகவே செய்துவிடுகின்றன.

இவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்:

1. மூன்று வயதுக்குள் திரை தனியாகச் சொல்லிக்கொடுப்பது மிகக் குறைவு. பக்கத்தில் ஆள் இருந்து அதைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் தேறும்.

2. நாலு முதல் ஆறு வயதில், கருவியைச் சுற்றி எவ்வளவு பேச்சு நடக்கிறது என்பதுதான் அந்தக் கருவியின் மதிப்பு.

3. ஏழு வயதுக்குப் பிறகு, வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கருவி தனியாகவும் உதவத் தொடங்குகிறது. அப்போது கேள்வி மாறிவிடுகிறது: பிள்ளை செய்யவேண்டிய வேலையை அது செய்துவிடுகிறதா?

திரை இல்லாத தொழில்நுட்பம்

2015 வாக்கில் இங்கே 160 பாலர் நிலையங்களுக்கு 'பிளேமேக்கர்' என்ற அரசுத் திட்டத்தின்கீழ் சில விளையாட்டுக் கருவிகள் போயின. அவற்றில் ஒன்று 'பீ-பாட்'. முதுகில் பொத்தான்கள் உள்ள தேனீ பொம்மை. முன், பின் அம்புக்குறியை அழுத்தினால் 15 செண்டிமீட்டர் நகரும். இடம், வலம் அழுத்தினால் நின்ற இடத்திலேயே திரும்பும். கட்டளைகளை வரிசையாக அழுத்திவிட்டுக் கடைசியில் 'போ' பொத்தானைத் தட்டவேண்டும். இன்னொன்று 'கிபோ'. மரக்கட்டைகளை வரிசையாகக் கோத்து, அவற்றின்மேல் உள்ள பட்டைக்கோட்டை வண்டியே படித்து அந்த வரிசைப்படி ஓடும். இரண்டிலும் திரை கிடையாது.

இதை நிரலாக்கத்தின் முதல் படி என்பார்கள். ஐந்து வயதில் பிள்ளை மென்பொருளாளர் ஆகப்போவதில்லை, அந்த விளம்பரத்தை ஒதுக்கிவிடலாம். நடப்பது வேறு. தரையில் கட்டம் போட்ட துணி விரித்து, கட்டத்துக்கு ஒரு படம் ஒட்டி, தேனீயை யானையிடமிருந்து வாழைமரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுவார்கள். "முன்னாடி ரெண்டு, அப்புறம் அந்தப் பக்கம் திருப்பு." "எந்தப் பக்கம்?" "சோத்துக்கைப் பக்கம்." தேனீ தப்பான கட்டத்தில் போய் நிற்கும். எங்கே தப்பினோம் என்று வரிசையைத் திரும்பச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

தமிழ் வகுப்பில் முன், பின், இடம், வலம், முதலில், பிறகு என்ற சொற்களைப் பட அட்டையில் காட்டிச் சொல்லவைத்தால் பிள்ளை ஒப்பிக்கும். இங்கே அந்தச் சொல் இல்லாவிட்டால் தேனீ நகராது. தமிழ் ஆசிரியர்களுக்கு இது கணினிப் பாடத்தைவிட நல்ல பேச்சுப் பாடம். ஆறு பிள்ளைக்கு ஒரு தேனீ இருப்பதே நல்லது, ஆளுக்கு ஒன்று கொடுத்தால் பேச்சு நின்றுவிடும்.

தொடக்கப்பள்ளியில் நடப்பது

தொடக்கநிலை 4க்கு மேல் படம் மாறுகிறது. 2020 முதல் மேல் தொடக்கநிலை மாணவர் எல்லாருக்கும் 'கோட் ஃபார் ஃபன்' என்ற பத்து மணி நேர நிரலாக்க அறிமுகம் உண்டு. எஸ்எல்எஸ் தளத்தில் 2023 முதல் தொடக்கநிலை 5 கணிதத்துக்குப் பிள்ளையின் நிலைக்கேற்ப அடுத்த கேள்வியைத் தேர்ந்து தரும் வசதி வந்திருக்கிறது. பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்கு இன்னும் எளிய பின்னம், தாண்டியவனுக்கு அடுத்த படி. முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியர் கையால் செய்யமுடியாத வேலை இது, இதில் எனக்கு மறுப்பில்லை.

மொழிப் பாடம் அவ்வளவு எளிதல்ல. ஆங்கிலக் கட்டுரையில் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை பார்க்கும் தானியங்கி உதவியும் 2023இல் எஸ்எல்எஸ்ஸுக்கு வந்தது. தமிழுக்கு அதே தரத்தில் ஒன்று வேண்டும் என்று கேட்பவர்கள், இரண்டு விஷயங்களை யோசிக்கவேண்டும்.

முதலாவது, இத்தகைய கருவிகள் குவியல் குவியலாகக் கிடைக்கும் எழுத்தைத் தின்று வளர்பவை. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இணையத்தில் தமிழ் குறைவு, அதிலும் சிங்கப்பூர்த் தமிழ் மிகக் குறைவு. 'கல்வி அமைச்சு' என்று இங்கே சரியாக எழுதும் பிள்ளைக்கு 'அமைச்சகம்' என்று திருத்தம் வந்தால் அது யாருடைய பிழை?

இரண்டாவது, பேச்சு. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, வகுப்பறையில் நல்ல பேச்சுத்தமிழைப் புழங்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. காரணம் எளிது: வீட்டிலும் கடையிலும் யாரும் எழுத்துத் தமிழில் பேசுவதில்லை, பிள்ளை அதை மட்டும் கற்றால் பேசவே வராது. 'வந்துச்சு' என்று பிள்ளை இயல்பாகச் சொல்வதைப் பாராட்டத்தான் அந்தப் பரிந்துரை. எழுத்துத் தமிழை மட்டுமே அறிந்த ஒரு குரல் மதிப்பீட்டுக் கருவி அதைப் பிழையென்று காட்டினால், இருபது ஆண்டு உழைப்பு ஒரு சிவப்புக் கோட்டில் போய்விடும்.

ஆனால் தமிழுக்கு உண்மையிலேயே உதவும் கருவி ஒன்றும் இருக்கிறது. அது மிகச் சாதாரணமானது: குரல் பதிவு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. பல பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும் ஒரே இடம் தமிழ் வகுப்பு. வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பேச ஒரு நிமிடம் கிடைத்தால் பெரிது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் ஒரு படத்தைப் பற்றிப் பேசிப் பதிந்தால், ஆசிரியர் பின்னர் எல்லாவற்றையும் கேட்கலாம். கூச்சப்படும் பிள்ளை நாலு தடவை அழித்துப் பேசி ஐந்தாவதை அனுப்பலாம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தாய்மொழி வாய்மொழிப் பகுதியில் மாணவர் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாடவேண்டியிருக்கிறது. அதற்கும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஒன்று மட்டும்: அனுப்பிய பதிவை யாரும் கேட்கவில்லை என்று பிள்ளைக்குத் தெரிந்த அன்றே பயிற்சி செத்துவிடும்.

விலை

இலவசமாக எதுவும் வருவதில்லை.

1. கண். சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 முடிவதற்குள் சுமார் 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. இதில் திரையை மட்டும் குறை சொல்லமுடியாது, கிட்டத்தில் வைத்துப் படிக்கும் புத்தகத்துக்கும் பங்குண்டு. பாதுகாப்பு என்று உறுதியாகத் தெரிவது வெளி வெளிச்சம்தான். எனவே திரையில் போகும் அரைமணி நேரம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பது முக்கியம். விளையாட்டுத் திடலிலிருந்து எடுத்திருந்தால் நட்டம் இரட்டிப்பு.

2. சார்பு. 2024 ஆகஸ்டில், மாணவர் சாதனங்களை நிர்வகிக்கும் செயலி ஒன்றுக்குள் யாரோ ஊடுருவியதில் 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை அழிந்தன. குறிப்பேடு வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். தொடக்கப்பள்ளியில் நோட்டுப் புத்தகம் இன்னும் இருப்பதைப் பழமை என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

3. ஆசிரியரின் நேரம். கருவி வேலையைக் குறைக்கும் என்பார்கள். முதல் ஆண்டில் கூட்டும்.

வெளிநாட்டிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள். பாலர் பள்ளிகளில் மின்னிலக்கக் கருவியைக் கட்டாயமாக்கியிருந்த சுவீடன், 2023இல் அதிலிருந்து பின்வாங்கி அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் திரும்புவதாக அறிவித்தது. அதே ஆண்டு யுனெஸ்கோவின் உலகக் கல்வி அறிக்கையும், கருவி யாருடைய நிபந்தனையின் பேரில் வகுப்பறைக்குள் வருகிறது என்ற கேள்வியை எழுப்பியது. சிங்கப்பூர் சுவீடன் போன தூரத்துக்குப் போனதே இல்லை, அதனால் திரும்பிவர வேண்டிய தூரமும் குறைவு.

பெற்றோர் சந்திப்பில் கேட்கவேண்டியவை

முதல் வகை, மூன்றாவது வகையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் என்று சொன்னோம் அல்லவா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: பிள்ளை, கையில் ஒரு சாதனம், ஆழ்ந்த அமைதி. "எத்தனை நிமிடம் திரை பார்க்கிறார்கள்?" என்று கேட்டால் பதில் வரும், ஆனால் அதிலிருந்து எதுவும் தெரியவராது. வேறு மாதிரி கேட்கலாம்:

1. கருவியை வைத்துப் பிள்ளை கடைசியாகச் செய்த ஒன்றைக் காட்டமுடியுமா? பதிவோ படமோ வரிசையோ இருந்தால் அது கருவி. பார்த்த காணொளிகளின் பட்டியல் மட்டும் இருந்தால் அது தொலைக்காட்சி.

2. அப்போது ஆசிரியர் எங்கே இருந்தார்? பக்கத்திலா, மேசையில் வேறு வேலையிலா?

3. இதே பாடத்தைக் கருவி இல்லாமல் நடத்தினால் என்ன குறையும்? 'பிள்ளைகளுக்குப் பிடிக்காது' என்பது பதிலானால், அது பாடத்தைப் பற்றிய குறை.

4. பாலர் பள்ளியில், பெற்றோருக்காகக் காத்திருக்கும் மாலை நேரத்தில் என்ன ஓடுகிறது? விதி மீறப்படும் வாய்ப்பு அதிகம் உள்ள நேரம் அதுதான். ஆள் குறைவு, பிள்ளைகளுக்குக் களைப்பு, திரை கைக்கெட்டும் தூரம்.

5. தமிழ் வகுப்பில் என் பிள்ளை இந்த வாரம் எத்தனை வாக்கியம் வாய்திறந்து பேசியது? கருவி வந்தபின் அந்த எண்ணிக்கை ஏறியதா, இறங்கியதா?

ஐந்தாவது கேள்விக்கு உடனே பதில் வராது. அப்படி யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அடுத்த சந்திப்பில் அதையே திரும்பக் கேட்டால், அதற்குள் ஆசிரியர் எண்ணத் தொடங்கியிருப்பார்.